உட்கார்ந்து செய்யும் மரியாதை

அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. வெள்ளைக் கோட்டின் இடது பாக்கெட்டுக்கு மேலே நீல நூலில் குடும்பப் பெயர் தைத்திருக்கும். அதுதான் பெயர். பெரிய டாக்டரானாலும் சரி, தரை துடைக்கிறவரானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே சட்டம். கட்டிலில் கிடக்கிற நோயாளி தலையைத் தூக்காமலே படித்துவிட வேண்டுமாம். அந்தப் பெயர்களைத் தைப்பது கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டியிருக்கும் தையல் அறையில். அந்த அறையின் பொறுப்பு தையலம்மாவுடையது. ஆஸ்பத்திரிக்கே பெயர் தைத்துக் கொடுத்தவளை மட்டும் கோட்டைப் பார்த்துக் கூப்பிடாமல் தையலம்மா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். அது அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அன்று காலை ஸ்டோர்க்காரர் புது ஆட்களுக்கான கோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டார். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. ஒரு சீட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"இதைப் பாருங்கம்மா. இந்தப் பேர்ல இன்னும் ஆளுங்க இருக்காங்களா?"

தையலம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டைப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். அந்தப் பெயரைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள். அது அவள் பிறந்த வீட்டுப் பெயர்.

அந்தப் பெயருக்கும் ஒரு காலம் இருந்தது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று தலைவர்கள். நாடு தன் காலில் நின்ற அன்று முதல் கையெழுத்துப் போட்டவர் ஒருவர். அவர் மகன் எல்லையில் நடந்துகொண்டிருந்த சண்டையை, எதிராளியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியே நிறுத்தினவர். இவர்கள் நினைவாகத் துறைமுகத்துக்கு அந்தப் பெயர், பாலத்துக்கு அந்தப் பெயர், பெண்கள் பள்ளிக்கு அந்தப் பெயர். பூச்செடி விற்கிறவர்கள் ஒரு சிவப்பு ரோஜாவுக்குக்கூட வைத்திருந்தார்கள். மூன்றாமவர் தையலம்மாவின் தாத்தா. சுகாதார மந்திரியாக இருந்தவர்.

அவர் பதவிக்கு வந்த வருஷம் வாந்திபேதி சந்து சந்தாகப் புகுந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. மனுஷன் ஒரு வேலைதான் செய்தார். தெருவுக்குத் தெரு பொதுக் கக்கூஸ் கட்டினார். அரசாங்கக் கட்டடம் எதுவானாலும் அதற்கு உத்தரவு போட்ட மந்திரியின் குடும்பப் பெயர் வாசலுக்கு மேலே இருக்க வேண்டும் என்று அப்போது ஒரு விதி. அதனால் நாட்டிலுள்ள கக்கூஸ் வாசலில் எல்லாம் வெள்ளை எழுத்தில் ஒரு தகடு. நோய் போய்விட்டது. பெயர் போகவில்லை. எங்கே கிளம்பிட்டே என்று கேட்டால், பெயரையும் சேர்த்து, இன்ன மந்திரியைப் பார்க்க என்று விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் மந்திரியும் கழன்று வெறும் பெயர் மட்டும் நின்றது. கடைசியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் குழந்தைகூட அந்தப் பெயரைத்தான் சொல்லி அழுதது.

வந்த அர்த்தம் சும்மா இருந்ததா? இருந்த மரியாதையையும் சேர்த்து விழுங்கியது. துறைமுகம் பழைய துறைமுகம் ஆயிற்று. எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் பெண்கள் தவிக்கவே, பள்ளிக்கு வேறு பெயர் வைத்தார்கள். ரோஜா வெறும் சிவப்பு ரோஜா ஆனது. தாத்தா அந்தக் கக்கூஸ்களைக் கட்டாமல் விட்டிருந்தால் இன்று சிரிக்கிற வாய்களில் பாதி உலகத்துக்கே வந்திருக்காது. யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பள்ளியில் வாத்தியார் வருகை எடுக்கும்போது அந்தப் பெயர் வருகிற நேரம் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். தையலம்மா தலையைக் குனிந்துகொண்டு உதட்டுக்குள் "உள்ளேன்" என்பாள். பக்கத்து வகுப்பில் அவள் அண்ணன் எழுந்து நின்று, சுவருக்கு இந்தப்புறம் கேட்கும்படி சொல்வார். அவர் சொன்னதும் எழும் சிரிப்பும் சுவருக்கு இந்தப்புறம் கேட்கும். ஏன்தான் இவன் இப்படிக் கத்துகிறானோ என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

கல்யாணம் ஆனதும் அவள் புருஷன் பெயருக்கு மாறினாள். அவர் பஸ் பட்டறையில் மெக்கானிக். யாருக்கும் எதையும் நினைவூட்டாத சாதாரணப் பெயர் அவருடையது. இவளுக்குப் பிடித்தது மாப்பிள்ளையையா, மாப்பிள்ளை பெயரையா என்று அண்ணன் கேலி செய்தார். அவளுக்கு அந்தக் கேலி சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அதில் பாதி நிஜம். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் மனுப் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். தாத்தா என்ன திருடிவிட்டா போனார் என்பது அவர் கட்சி. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் பெயரையும் விலாசத்தையும் படிக்கிற மனுஷன் தன் பெயரை விடவில்லை.

பெயர் மாறியதோடு தையலம்மா நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் யாரோ அந்தப் பெயரை வைத்து ஒரு ஜோக் சொன்னார்கள். தன் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தில் அதைவிடப் பெரிய ஜோக்காக ஒன்றை எடுத்து விட்டாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன மாதிரிதான். ஆனால் குதிருக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயர் பேச்சில் வந்தாலே எல்லாரும் அவள் பக்கம் திரும்புவார்கள். அவளும் சளைக்கவில்லை. அதில் மகுடம் வைத்த மாதிரி ஒன்று உண்டு. மற்ற தலைவர்களுக்கெல்லாம் ஜனங்கள் எழுந்து நின்று மரியாதை செய்கிறார்கள், இந்த ஒரு தலைவருக்குத்தான் உட்கார்ந்து மரியாதை செய்கிறார்கள், அதுவும் தவறாமல் தினமும். சலவைக்கூடத்தில் பிறந்த இந்த ஜோக் லிஃப்ட் ஏறி ஆபரேஷன் தியேட்டர் வரை போயிற்று. பெரிய டாக்டரே ஒருமுறை கீழே வந்து, அதைக் கட்டினது நீங்கதானாமே என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பெருமைதான் பட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. சிட்டுவுக்கு வேலை கிடைத்துவிட்டது, நர்ஸ் வேலை, குழந்தைகள் வார்டு, அதுவும் நீ இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே என்றார். சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர், அண்ணனின் ஒரே பெண். தனியாக விடுகிறோமே என்று கவலைப்பட்டேன், அத்தை இருக்கிற இடம் என்றதும் நிம்மதியாகிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். தையலம்மா, நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். சிட்டு தரையில் பழைய பேப்பரை விரித்துப் புது ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் கறுப்பான விரல்களைக் காட்டிச் சிரித்தாள். தையலம்மா வந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். வேலை செய்கிற இடத்தில் சொந்தம் என்றால் ஆயிரம் பேச்சு வரும், சிபாரிசில் வந்தவள் என்பார்கள், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று என்னென்னவோ சொன்னாள். எல்லாம் சொல்லி முடித்து, ஆகவே நான் உனக்கு அத்தை என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள்.

"என்ன பேச்சு வரும்?" என்று அண்ணன் கேட்டார்.

அவருக்குப் பதில் தேவைப்படவில்லை, புரிந்துவிட்டது. சிட்டுவின் கையிலிருந்த பிரஷ் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி ஷூவைத் தேய்த்தது.

"சரி அத்தை. அங்க நீங்க யாரோ, நான் யாரோ. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. போதுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வேலையைச் செய்து தரச் சொன்னால் ஒத்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். அண்ணன் எதையோ தேடுகிறவர்போல் உள்ளே போனார். தையலம்மா கிளம்புகிறவரை வெளியே வரவில்லை.

இப்போது அந்தக் கோட்டு மேசைமேல் கிடந்தது. ஸ்டோர்க்காரர் போனதும் தையலம்மா அதை எடுத்து மெஷினில் பொருத்தினாள். நீல நூல்கண்டைக் கையில் எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். நூல்பெட்டியின் அடியில், வெள்ளைக்குக் கொஞ்சம்தான் அந்தப்பக்கம் என்று சொல்லும்படியாக மங்கலான ஒரு நீலம் இருந்தது. அதைக் கோர்த்தாள். எழுத்தின் அளவையும் குறைத்துக்கொண்டாள். பெண் பாவம், சிரிப்பு அவளைத் தேடி வராமல் இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பெயர் தைத்தவள், படிக்க முடியாதபடி ஒரு பெயரைத் தைத்தது அதுதான் முதல் தடவை.

சோறு ஒருநாள்கூடத் தாங்கவில்லை. மறுநாளே குழந்தைகள் வார்டின் பெரிய சிஸ்டர் கோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் யார் கையில் என்றால், சிட்டுவின் கையிலேயே.

தையல் அறையில் அப்போது இஸ்திரிக்காரரும் இருந்தார். எந்நேரமும் ஆவிக்கு நடுவே நிற்பதால் அவருக்கு நீராவி என்று பட்டப்பெயர். மனுஷன் நல்லவர்தான், வாய்க்குத்தான் பூட்டு இல்லை. சிட்டு வாசலில் நின்று, "அம்மா, பேர் தெரியலைன்னு சிஸ்டர் சொன்னாங்க. கொஞ்சம் மாத்தித் தர முடியுமா?" என்றாள்.

அம்மா என்றாள். அத்தை என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு நொடி நடுங்கிய தையலம்மாவுக்கு, அவள் சொல்லாதது இன்னும் வலித்தது. கோட்டை வாங்கினாள். நீராவி எட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெயரைப் படித்தார்.

"அட, அந்தப் புதுப் பொண்ணு நீங்கதானா? உங்க வீட்டுக்குத்தாம்மா காலையில போயிட்டு வந்தேன்."

"தண்ணி ஊத்திட்டு வந்தீங்களா?" என்று சிட்டு கேட்டாள்.

நீராவி இதை எதிர்பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். பெண்ணை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனதால்தான் வினையே வந்தது. நல்ல ஆள் கிடைத்திருக்கிறது, நம் வீட்டுப் பலகாரத்தை எடுத்து வைப்போம் என்கிற மாதிரி தையலம்மா பக்கம் திரும்பினார். அந்த மரியாதை ஜோக்கை இவங்களுக்குச் சொல்லுங்கம்மா, கேட்டிருக்க மாட்டாங்க என்றார்.

வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நூல் அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்றாலும் போதும். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த ஜோக்கைச் சொல்ல அவள் மறுத்ததே இல்லை. மறுத்தால் நீராவி ஏன் என்று பார்ப்பார், அவள் முகத்தைப் பார்ப்பார், பிறகு இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். இருவருக்கும் ஒரே மூக்கு. தையலம்மா ஜோக்கைச் சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, "அதுவும் தவறாம, தினமும்" என்று முடிக்கும்போது புருவத்தைக்கூடத் தூக்கினாள். வருஷக்கணக்காகப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது.

நீராவி புதிதாகக் கேட்பவர்போலச் சிரித்தார். சிட்டு முழுவதையும் கவனமாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா. யார் கட்டினது இது?"

"வேற யாரு? எங்க தையலம்மாதான்" என்றார் நீராவி.

"அப்படியா?" என்று சொல்லி சிட்டு அத்தையைப் பார்த்தாள். உள்ளே வந்ததிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்த்தாள். "எங்க அப்பாகிட்டயும் இதை ஒருத்தர் சொல்லியிருக்காங்க. போஸ்ட் ஆபீஸ்ல, எல்லாருக்கும் நடுவுல வெச்சு. வீட்டுக்கு வந்து எங்ககிட்ட சொன்னார். யாரோ நல்ல மூளைக்காரங்க கட்டியிருக்காங்கன்னு சொன்னார்."

தையலம்மா பழைய நூலைப் பிரித்தாள். ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரலில் குத்திக்கொண்டாள். அண்ணன் தன் ஆபீசில், கடிதக் கட்டுகளுக்கு நடுவே நின்று, தங்கை கட்டிய ஜோக்கைக் கேட்டு, கூட்டத்தோடு சேர்ந்து சிரித்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. பளிச்சென்ற நீல நூலில், முழு அளவில், பெயரைத் தைத்துக் கொடுத்தாள். சிட்டு அங்கேயே கோட்டைப் போட்டுப் பட்டன் மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வார்டில் அந்தப் பெயர் ஒரு வேலை செய்தது. குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக் கூப்பிடுவதே பெரிய கொண்டாட்டமாகப் போயிற்று. கூப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு சிரிக்கும். சிரிக்கிற வாயில் சிட்டு மருந்தை ஊற்றிவிடுவாள். இதைப் பெரிய சிஸ்டரே மெச்சிச் சொன்னதாக நீராவி வந்து சொன்னார். பெரியவர்களின் சிரிப்பு அப்படி இல்லை. நர்சுகளின் கக்கூஸ் கதவில் யாரோ "உரிமையாளர் புதிதாக வந்திருக்கிறார்" என்று ஒட்டினார்கள். போகிறவர்கள் எல்லாரும் அவளிடம் சாவி கேட்டார்கள். ஒவ்வொருவரும் அந்த மரியாதை ஜோக்கை அவளிடம் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொருவரும், எங்க தையலம்மா கட்டினது என்று மறக்காமல் சொன்னார்கள்.

தையலம்மா வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடியே கேட்டார். என் அண்ணன் பொண்ணு என்று சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாதே, இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்றார். சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடுமே என்றாள். யார் என்று தெரிந்தால் என்ன, மந்திரி பேத்தி என்றுதானே தெரியும் என்றார். அதில்லை என்றாள். இத்தனை வருஷமாகத் தன் தாத்தாவையே விற்றுச் சிரிப்பு வாங்கியவள் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயரைவிட இப்போது அவளுக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று படுத்தாள். காலையில் எழுந்ததும், வாரக் கடைசியில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சொல்லாமல் கழிந்த ஒவ்வொரு நாளும், அடுத்த நாள் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது.

புதிதாக வந்தவர்களின் பயிற்சிக் காலம் முடிந்ததும் கேன்டீனில் ஒரு சின்னப் பரிசு கொடுப்பது அங்கே வழக்கம். பேனாவோ டம்ளரோ, ஏதாவது ஒன்று. சிட்டுவின் முறை வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம், கேன்டீன் நிறைந்திருந்தது. ஸ்டோர்க்காரர்தான் ஏற்பாடு. பளபளப்புத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, தட்டையாக எதையோ கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். மேசையைச் சுற்றி எல்லாரும் கூடிவிட்டார்கள். சிட்டு நன்றி சொல்லிவிட்டு ரிப்பனை அவிழ்த்தாள். தாளைக் கிழிக்காமல் பிரித்தாள்.

உள்ளே ஒரு தகடு. ஓரமெல்லாம் துரு. ஆணி இருந்த ஓட்டைகள். வெள்ளை எழுத்தில் தாத்தாவின் பெயர்.

சிரிப்பு கூரையை முட்டியது. ஸ்டோர்க்காரர் குனிந்து வணக்கம் வேறு வைத்தார். சிட்டு சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கோட்டுக் கையின் நுனியால் தகட்டைத் துடைத்தாள். துருவின் கறை வெள்ளைத் துணியில் ஏறியது.

"இது எங்க இருந்தது?" என்று கேட்டாள்.

பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸை இடித்தபோது கிடைத்தது என்றார் ஸ்டோர்க்காரர்.

"நான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகலாமா? அப்பாவுக்குக் கொடுக்கணும்."

அவள் அதைக் கேட்ட விதத்தில் சிரிப்பு கொஞ்சம் தடுமாறியது. இரண்டு மூன்று பேர் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். விழா நடுவில் படுத்துவிடப் போகிறதே என்று ஸ்டோர்க்காரருக்குப் பதற்றம். சுற்றிலும் பார்த்தார். மூலை மேசையில் தையலம்மா இருந்தாள்.

"தையலம்மா, எழுந்து வந்து அந்த மரியாதை ஜோக்கைச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் நல்லா முடியும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. தையலம்மா எழுந்தாள். சிட்டு இவள் பக்கம் பார்க்கவே இல்லை, தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தையலம்மாவுக்குத் தெரிந்தது.

"அவ என் அண்ணன் பொண்ணு" என்றாள். "அந்தத் தகட்டுல இருக்கிறது என் தாத்தா பேரு. என் பேரும் அதுதான்."

கேன்டீனே சிரித்து வெடித்தது. நீராவி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு டாக்டருக்கு டீ புரையேறியது. இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லை, இதுதான் உச்சம் என்றார் ஸ்டோர்க்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உண்மையாத்தான் சொல்றேன்" என்றாள் தையலம்மா. "எங்க அண்ணன் போஸ்ட் ஆபீஸ்ல இருக்கார். நான் அவரோட தங்கச்சி. நான்தான் இவளைச் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்."

சிரிப்பு இன்னும் கூடியது. பாருங்கள், முகத்தைப் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வரவழைத்துவிட்டாள் என்றார்கள். இத்தனை வருஷமாகச் சிரிக்காத முகத்தோடு ஜோக் சொல்வதுதானே அவள் கெட்டிக்காரத்தனம். உண்மைக்கென்று தனியாக ஒரு முகத்தை அவள் எடுத்து வைத்திருக்கவில்லை. சொல்லச் சொல்ல அவர்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது.

பெரிய சிஸ்டருக்கு மட்டும் ஏதோ பட்டிருக்க வேண்டும். கையைத் தூக்கி மற்றவர்களை அடக்கிவிட்டு, சிட்டுவின் பக்கம் குனிந்து, "உண்மையாம்மா?" என்று கேட்டாள்.

தையலம்மா சிட்டுவைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு ஊர் காறித் துப்பினாலும் பரவாயில்லை என்று இருந்தது. துப்பட்டும், அதுதான் நியாயம், அண்ணன் காதுக்கும் போகட்டும். வாழ்க்கையில் எதற்கும் அவள் இப்படி ஏங்கியதில்லை.

சிட்டு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இல்லைங்க சிஸ்டர். எங்க அப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லை."

பிறகு எழுந்து, தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வயதான ஒரு வேற்று மனுஷிக்குச் சொல்கிற மரியாதையோடு சொன்னாள்.

"எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்மா. இந்தப் பேரு எனக்குப் பழகிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். சிட்டு சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு மருந்து நேரம் என்று சொல்லிக் கிளம்பினாள். அவள் போன பிறகு பெரிய சிஸ்டர் நீண்ட மூச்சு விட்டாள்.

"நாம எல்லாரும் சேர்ந்து ஒரு சின்னப் பொண்ணைப் படுத்திட்டிருந்தோம். தையலம்மா ஒருத்தங்கதான் அவளுக்காக எழுந்து நின்னாங்க. அவ தனியா இருக்கக் கூடாதுன்னு அந்தப் பேரையே தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

எங்களுக்கெல்லாம் இல்லாத மனசு என்று நீராவி கண் கலங்கச் சொன்னார். அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு ஸ்டோர்க்காரர், டாக்டர்கள், பரிமாறுகிறவர்கள் என்று கேன்டீன் முழுக்கத் தட்டியது. கைதட்டல் ஓயும்வரை தையலம்மா அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.